காற்றுக் காலத்துக்கு எந்த வீல்? வாசகர் கேள்வி-பதில்

சோளகம் தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி வீலைப் பற்றித்தான். தனித்தனியாக ஓடி நேரத்தை அளக்கும் சைக்கிள் போட்டியான டைம் ட்ரயலுக்கு ஆயத்தமாகும் சிலருக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

*அண்ணா, பாவித்த 80 மில்லிமீற்றர் கார்பன் வீல் சோடி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. என் நிறை 58 கிலோ. மரைன் டிரைவில்தான் பயிற்சி. எடுக்கலாமா?* (வெள்ளவத்தை)

பின் வீலை எடுங்கள் தம்பி, முன் வீல் வேண்டாம். (80 என்பது ரிம்மின், அதாவது வீலின் வெளி வளையத்தின், ஆழம். ஆழமான ரிம் காற்றுத் தடையைக் குறைக்கும், அதைத்தான் ஏரோ வீல் என்பார்கள்.) சோடியாகத்தான் தருவேன் என்றால் முன் வீலை விற்றுவிட்டு, 40க்கும் 50க்கும் இடையில் ஒன்று தேடுங்கள்.

பக்கக் காற்று பின் வீலைத் தள்ளினால் சைக்கிள் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். முன் வீல் திரும்பக்கூடியது. அதன் பக்கத்தில் விழும் அழுத்தம் ஹாண்டில் திரும்பும் அச்சுக்கு முன்னால் கூடினால், ஹாண்டிலைக் காற்றே பிடித்துத் திருப்பும். ரிம் ஆழமாக ஆழமாக அந்த இழுப்பும் கூடும். ஆள் மெலிவு என்றால் இன்னும் மோசம்.

ஒரே சீராக வீசும் காற்றுக்கு உடம்பு பழகிவிடும். ஆளை விழுத்துவது திடீரென்று வந்து திடீரென்று நிற்கும் காற்று. மரைன் டிரைவில் கடலுக்கும் வீதிக்கும் நடுவே ரயில் பாதை ஓடுகிறது. கடற்காற்றுக்கு எதிராகச் சற்றுச் சாய்ந்தபடி போய்க்கொண்டிருப்பீர்கள். பக்கத்தில் ரயில் வந்ததும் காற்று அறுந்துபோகும், சைக்கிள் கடற்பக்கம் இழுபடும். கடைசிப் பெட்டி கடந்த கையோடு அதே காற்று மறுபடி அறையும். அந்த நேரம் உங்கள் இரு முழங்கையும் ஏரோ பாரில் (குனிந்து முழங்கை ஊன்ற முன்னுக்கு நீட்டிய ஹாண்டிலில்) இருக்கும், விரலுக்குப் பிரேக் எட்டாது.

பயந்து நிமிர்ந்து உட்கார்ந்தீர்களோ, ரிம் தந்த லாபம் அத்தனையும் போய்விடும். காற்றுத் தடையில் பெரும்பங்கு ஓடுபவரின் உடம்பால் வருவது, வீலின் பங்கு சிறியது. அதனால் முன் வீலுக்கு நான் வைக்கும் சோதனை ஒன்றுதான்: அன்றைய காற்றில் கடைசிவரை குனிந்தே ஓட அது விடுகிறதா? விடாத வீல் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் உங்களுக்கு அது மெதுவான வீல்தான்.

வடிவத்தையும் பாருங்கள். மெலிந்து, உள்விளிம்பு கத்திபோல் ஒடுங்கும் பழைய ரிம்கள் ஹாண்டிலை அதிகம் இழுக்கும். அகலமாக, உள்விளிம்பு உருண்டு முடியும் ரிம்கள் அதே ஆழத்திலும் சொல் கேட்கும்.

*டிஸ்க் வீல் (கம்பி தெரியாமல் முழுத் தட்டாக மூடிய வீல்) போட்டால் காற்று ஆளையே தூக்கிவிடும் என்கிறார்களே? ஹவாயில் தடையும் இருக்கிறதாமே?* (கொட்டாஞ்சேனை)

ஹவாயின் கோனாவில் நடக்கும், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயன்மேன் உலகப் போட்டியில் டிஸ்க் வீலுக்கு அனுமதியில்லை என்பது உண்மை. எரிமலைப் பாறை வெளிகளில் அடிக்கும் காற்றுக்குப் பெயர்போன இடம் அது. அந்தத் தடையைப் பார்த்து எல்லா இடத்திலும் பயப்பட வேண்டாம். பின்னுக்கு மட்டும் டிஸ்க் போட்டால் காற்றின் தள்ளல் உடம்பின் பாரத்துக்குப் பின்னால் விழுகிறது, ஹாண்டிலைத் தொடுவதில்லை. பின்னுக்கு டிஸ்க்கும் முன்னுக்கு நடுத்தர ஆழமும் உள்ள சைக்கிள், இரண்டும் 80 ஆக உள்ளதைவிட அடக்கமாக ஓடும். அதோடு சரியான கோணத்தில் வரும் பக்கக் காற்றில் டிஸ்க் பாய்மரம் மாதிரி வேலை செய்து காற்றுத் தடையைக் குறைக்கும்.

டிஸ்க் வாங்கக் காசில்லை என்றால், சாதாரணப் பின் வீலில் பொருத்தும் பிளாஸ்டிக் மூடி ஏறக்குறைய அதே பலனைத் தரும். போட்டி விதி அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுவிடுங்கள். டிஸ்க்கின் வால்வு சிறிய குழிக்குள் இருக்கும், சாதாரணப் பம்பின் தலை நுழையாது. வளைந்த அடப்டர் ஒன்றைப் பையில் போட்டுவையுங்கள். போட்டி நாள் விடிய அது இல்லாமல் தவிப்பவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

*என் வேகம் 30 கிலோமீற்றர்தான். ஏரோ வீல் வேகமானவர்களுக்குத்தானே?* (பத்தரமுல்லை)

பக்கவாட்டாக மணிக்கு 10 கிலோமீற்றர் காற்று என்று வைப்போம். 45 இல் ஓடுபவருக்கு அது, ஓடும் வேகத்தால் முன்னிருந்து அடிக்கும் காற்றோடு சேர்ந்து, ஏறக்குறைய 12.5 பாகைக் கோணத்தில் வரும். 30 இல் ஓடும் உங்களுக்கு 18 பாகைக்கு மேல். மெதுவாக ஓடுபவருக்குத்தான் அதே காற்று கூடுதலாகப் பக்கத்திலிருந்து அடிக்கிறது! ஒரு கோணம் தாண்டியதும் ரிம்மை ஒட்டி ஓடும் காற்று பிரிந்துவிடும், லாபம் சட்டென்று நின்று ஹாண்டிலும் உதறும். அந்த எல்லையை நீங்கள் முதலில் தொடுவீர்கள். ஏரோ வீல் உங்களுக்கும் உதவும், ஆனால் முன் வீலில் பேராசை வேண்டாம். வானிலைச் செயலியில் பார்க்கும் காற்று 10 மீற்றர் உயரத்துக்கான கணக்கு, வீதி மட்டத்தில் அதைவிடக் குறைவாகவே இருக்கும்.

*28 டயரா, 25 டயரா?* (தெஹிவளை)

ரிம்மைப் பொறுத்தது. இந்த எண்கள் மில்லிமீற்றரில் டயரின் அகலம். ரிம்மின் வெளி அகலம் டயரின் அகலத்தைவிடக் குறைந்தது 5 வீதம் கூட இருக்க வேண்டும் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. 28 க்கு 29.4 மில்லிமீற்றர் வேண்டும். டயரில் அச்சிட்ட எண்ணை நம்பாமல், காற்றடித்தபின் அளந்து பாருங்கள். டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பில் இல்லாத ரிம் என்றால் 5 பார் அழுத்தத்துக்கு மேல் காற்றடிக்கக் கூடாது, இதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

*கையில் உள்ள காசுக்கு ஏரோ பாரும் ஹெல்மெற்றும், இல்லாவிட்டால் வீல். எது முதல்?* (பம்பலப்பிட்டி)

பாரும் ஹெல்மெற்றும். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாள் டைம் ட்ரயலில் முன்னணியில் இருந்த பிரெஞ்சு வீரர் ஃபினியோன் முன்னுக்கும் பின்னுக்கும் டிஸ்க் வீலோடு, ஹெல்மெற் இல்லாமல், ஏரோ பார் இல்லாத ஹாண்டிலைப் பிடித்து ஓடினார். அமெரிக்க வீரர் லெமொண்ட் ஏரோ பாரில் குனிந்து, ஏரோ ஹெல்மெற்றோடு ஓடினார். 24.5 கிலோமீற்றர் ஓட்டத்தில் 50 செக்கன் பின்தங்கலை மீட்டு, மொத்தத்தில் 8 செக்கனால் வென்றவர் லெமொண்ட்.

*கடற்கரையில் ஓடினால் கார்பன் வீல் துருப்பிடிக்குமா?* (கொள்ளுப்பிட்டி)

கார்பனுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் கம்பியை ரிம்மில் பிடித்திருக்கும் நிப்பிள் அலுமினியமாக இருந்தால், உப்பு ஈரமும் கார்பனும் சேர்ந்து அதைத் தின்றுவிடும். முதலில் வெள்ளைப் பொடி தெரியும். அப்புறம் ஒருநாள் கோணல் எடுக்கத் திருகும்போது நிப்பிளின் தலை கையோடு உடைந்து வரும். ஓடி முடித்ததும் நல்ல தண்ணீரால் கழுவித் துடையுங்கள். வாங்கும்போது பித்தளை நிப்பிளா என்று கேளுங்கள். சில கிராம் கூடும், பரவாயில்லை.