கைடுங்களை பேச வைக்கிறது ஸ்டூடண்ட் வேலையா?

கேள்வி: பிசிக்ஸ் மாஸ்டர்ஸ் முடிச்சுட்டு நரம்பு செல் சிக்னலை அளக்குற சென்சார்ல பிஎச்டி பண்ண ஆசை. பேர் போன யுனிவர்சிட்டி ஒண்ணோட இன்டர்டிசிப்ளினரி, அதாவது ரெண்டு துறை சேர்ந்த புரோகிராம்ல சீட் இருக்கு. எலக்ட்ரானிக்ஸ்ல ஒரு கைடு, பயாலஜில ஒரு கைடு, அவங்களுக்குள்ள பழக்கமில்ல, நான்தான் பேச வைக்கணும். இன்னொண்ணு ரேங்க் கம்மியான ஒரு லேப், அங்க சோல்டரிங் டேபிளும் செல் வளர்க்குற ரூமும் பக்கத்து பக்கத்துல. வீட்ல நாலு வருஷத்துல முடிஞ்சிடும்னு சொல்லி வெச்சிருக்கேன். எதை எடுக்க?

பதில்: ரேங்க் பத்தியெல்லாம் எழுதிட்டு "நான்தான் பேச வைக்கணும்"னு போற போக்குல ஒரு வரி போட்டிருக்கீங்க பாருங்க, எனக்கு அதுக்கப்புறம் வேற எதுவுமே கண்ல படல. அப்பாவும் அம்மாவும் பேசிக்காத வீட்ல புள்ள தூது போகுமே, அந்த வேலைக்கு அஞ்சாறு வருஷம் எழுதிக் கொடுக்கப் போறீங்க. ஒரு புள்ளைய பொறுப்பெடுத்துக்கிறோம்னு ரெண்டு பேர் கையெழுத்து போட்டா முதல்ல அவங்க ரெண்டு பேரும் உக்காந்து பேசணும், அது பெரியவங்க கடமை, உங்களோடது இல்ல!

சண்டை எங்க வரும்னு சொல்லட்டுமா? பயாலஜில ஆராய்ச்சிப் பேப்பர்ல கடைசி பேர்தான் லேப் தலைவரோடது, அந்த ஒரு இடத்துக்கு இங்க ரெண்டு தலைவர். எலக்ட்ரானிக்ஸ் கைடு சர்க்யூட்டை கான்ஃபரன்ஸ்ல சீக்கிரம் போடுன்னுவார், பயாலஜி கைடு செல் டேட்டா பத்தாது இன்னும் ஆறு மாசம் பாருன்னுவார், நடுவுல நீங்க.

ரெண்டு துறை சேர்ந்த படிப்பே தப்புன்னு சொல்லல. ஹார்வர்டும் எம்ஐடியும் 1970லயே மருத்துவத்தையும் இன்ஜினியரிங்கையும் சேர்த்து ஒரு புரோகிராம் ஆரம்பிச்சு இன்னும் நடத்துறாங்க. ஜப்பான்ல ஒகினாவா இன்ஸ்டிடியூட்ல டிபார்ட்மென்ட்டே கிடையாது, முதல் வருஷம் மூணு லேப் சுத்தணும், அதுல ஒண்ணு உங்க துறைக்கு வெளிய இருக்கணும். அங்கெல்லாம் சேர்த்து வைக்கிற வேலைய இன்ஸ்டிடியூட் பாத்துக்குது. உங்க கேஸ்ல அது உங்க தலையில.

வீட்ல வேற நாலு வருஷத்துல முடிஞ்சிடும்னு சொல்லி வெச்சிருக்கீங்க. எதுக்குங்க இந்தப் பொய்? உங்களை நம்பி அவங்க கணக்கு போட்டுட்டு இருப்பாங்க, ஆறு வருஷம்கூட ஆகலாம்னு இன்னிக்கே சொல்லுங்க.

அப்புறம் ரெண்டு கைடையும் ஒரே வீடியோ கால்ல கூப்பிடுங்க. என் டேபிள் யார் லேப்ல, ஸ்டைபண்ட் யார் கிராண்ட்ல இருந்து, குவாலிஃபையிங் எக்ஸாம் எந்த டிபார்ட்மென்ட் வைக்கும்னு கேளுங்க, ஒருத்தர் சொல்றப்ப இன்னொருத்தர் மூஞ்சியப் பாருங்க. அந்த ஒரு மணி நேரத்துக்கே ரெண்டு பேருக்கும் நாள் ஒத்து வரலன்னா அந்த ரெண்டாவது லேப்புக்கு வர்றேன்னு மெயில் போட்டுடுங்க.