"அதே பன்னிரண்டு பேர்தான்": பங்கு மக்களைப் பணிக்கு அழைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பங்கு தெற்குக் கெடாவில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரில் இருக்கிறது. பதிவேட்டில் 140 குடும்பங்கள். ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு 150 பேராவது வருவார்கள். ஆனால் வாசகம், பாட்டு, காணிக்கை எடுப்பது, கோயில் கூட்டுவது, திருவிழாச் சமையல் எல்லாவற்றுக்கும் அதே பன்னிரண்டு பேர்தான். திருப்பலி முடிவில் வாராவாரம் அறிவிக்கிறோம், வாட்சப்பிலும் போடுகிறோம். கைகூப்பும் படம் வருகிறது, ஆள் வருவதில்லை. அக்கம்பக்க வீட்டார் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்துக்கும் நான்கு வீட்டார்தான் வருகிறார்கள். என்ன செய்யலாம்? (பங்குப்பேரவைச் செயலாளர்)

பதில்: கல்யாணப் பத்திரிகை வாட்சப்பில் வந்தால் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வீடு தேடி வந்து அழைத்தவர் வீட்டுக்கு லீவு போட்டாவது போகிறோம். "ஆர்வமுள்ளவர்கள் பெயர் கொடுக்கவும்" என்று கோயிலில் சொல்வதை யாரும் தன்னை அழைத்ததாக எடுத்துக்கொள்வதில்லை. தானாகப் போய்ப் பெயர் கொடுத்தால் "இவருக்கு எதுக்கு இந்த ஆசை" என்று பேசுவார்களோ என்ற கூச்சமும் நம் ஊர்களில் உண்டு. யாராவது கேட்டால் செய்யலாம் என்று இருப்பவர்கள் அந்த 150 பேரில் கணிசமாகவே இருப்பார்கள். அடுத்த மூன்று மாதத்துக்கு ஆள் கேட்கும் அறிவிப்பை அடியோடு நிறுத்திவிட்டு, பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குங்கள்.

அழைக்கும் முன் ஒரு கணக்குப் போட வேண்டும். ஒரு ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்கு வாசகர் 2, பதிலுரைப்பாடலுக்கு 1, மன்றாட்டுக்கு 1, காணிக்கைப் பவனிக்கு 4, வாசலில் வரவேற்க 3, காணிக்கை எடுக்க 4, பாடகர் 6, பீடச்சிறார் (பீடத்தில் குருவுக்கு உதவும் பிள்ளைகள்) 4, ஒலிபெருக்கிக்கு 1, கோயில் கூட்டித் துடைக்க 4 என்று வைத்தால் 30 வேலை. நான்கு ஞாயிறுக்கு 120. பன்னிரண்டு பேர் செய்தால் ஆளுக்கு மாதம் பத்து. அவர்கள் சலித்துப்போவதில் ஆச்சரியம் இல்லை. 30 பேர் இருந்தால் ஆளுக்கு நான்கு, 60 பேர் இருந்தால் இரண்டு. முதல் மூன்று மாத இலக்கு 30 பேர் போதும். 140 குடும்பத்தையும் எழுப்பப் போகிறேன் என்று கிளம்பினால் மூன்றாம் வாரமே மூச்சு வாங்கும்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டில் 14-ஆம் எண்ணை, மக்களின் முழுமையான, உணர்வுபூர்வமான பங்கேற்பு பற்றியதை, எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். உங்கள் சிக்கலுக்கு அதிகம் பொருந்துவது 28-ஆம் எண்: வழிபாட்டில் ஒவ்வொருவரும் தமக்கு உரிய பணியை முழுமையாகச் செய்ய வேண்டும், அதை மட்டுமே செய்ய வேண்டும். ஒரே ஆள் வாசித்து, அவரே பாடி, அவரே காணிக்கைப் பையையும் தூக்குவது சுறுசுறுப்பாகத் தெரியலாம். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கு அது "நீ தேவையில்லை" என்றுதான் சொல்கிறது.

முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

கெடாவில் இதைத் தவறவிட்டால் மற்ற எதுவும் பலிக்காது. உங்கள் மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு பள்ளி நாள். காலைத் திருப்பலிக்குப் பீடச்சிறார் வரவில்லை என்றால் பக்தி குறைந்துவிட்டது என்று அர்த்தம் இல்லை, பிள்ளை வகுப்பில் இருக்கிறது. கூலிம், பிறைத் தொழிற்சாலைகளில் 12 மணி நேர ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு ஓய்வு நாள் வாரத்துக்கு வாரம் மாறும். இரவு ஷிப்டு முடித்து ஏழரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவரை எட்டரை மணிக்கு வாசகம் படிக்கப் போட்டால் ஒரு தடவை வருவார், மறுதடவை போனை எடுக்கமாட்டார். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களுக்கும் விளைச்சல் கூடும் மாதங்களில் ஞாயிறு என்பது நிச்சயம் இல்லை.

ஞாயிறு கடமையை முந்தின நாள் மாலைத் திருப்பலியிலும் நிறைவேற்றலாம் என்று திருச்சபைச் சட்டம் 1248 சொல்கிறது. சனிக்கிழமை மாலை தமிழில் திருப்பலி இல்லையென்றால், மாதம் ஒருமுறையாவது வைக்க முடியுமா என்று பங்குத்தந்தையிடம் கேளுங்கள். கேட்கும்போது அவர் நிலையையும் பாருங்கள். தக்க மேய்ப்புத் தேவை இருந்தால்கூட ஒரு குரு ஞாயிறன்று மூன்று திருப்பலிக்கு மேல் நிறைவேற்றச் சட்டம் 905 இடம் தருவதில்லை. மூன்று மொழி, இரண்டு தோட்டச் சிற்றாலயம் என்று ஓடுகிறவரிடம் "இன்னும் ஒன்று" என்பதைவிட, ஏற்கெனவே உள்ள ஒன்றின் நேரத்தை மாற்றக் கேட்பது நடக்கும்.

அடுத்தது வீட்டுக்கு ஒரு அட்டை. ஆறு விவரம் போதும்: பெயர்கள், ஷிப்டும் ஓய்வு நாளும், தமிழ் சரளமாக வாசிக்க வருமா, வண்டி உண்டா, கைத்தொழில் (வயரிங், தையல், பெரிய அண்டாச் சமையல், கணக்கு, லாரி ஓட்டுவது), தொலைபேசி எண். கடைசி விவரம் அட்டையில் மட்டும் இருக்கட்டும். பொதுக் குழுவில் ஏற்றவேண்டாம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்துப் பழைய தோட்ட லயத்து (வரிசை வீட்டு) முகவரிக்குப் போகாதீர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பாதிப் பேர் தாமான் (புதுக் குடியிருப்பு) வீடுகளுக்கும் மலிவுவிலை அடுக்குமாடிக்கும் போய்விட்டார்கள். யார் எங்கே என்பது செயலாளரைவிடப் பழைய மண்டோர் (தோட்ட மேற்பார்வையாளர்) வீட்டுப் பாட்டிக்குத் தெரியும்.

அழைக்கும் முறை

இருவராகப் போங்கள், ஒருவர் அந்தக் குடும்பத்துக்கு நெருக்கமானவராக இருக்கட்டும். கோயில் வாசலில் நாலு பேர் முன்னால் கேட்கவேண்டாம். முகத்துக்காகச் "சரிங்க" என்பார்கள், அந்தச் "சரி"க்கு மதிப்பில்லை. கேட்கும் வேலைக்கு அளவும் முடிவு நாளும் இருக்கவேண்டும். இப்படி:

"அக்கா, அக்டோபர், நவம்பர் ரெண்டு மாசம், மாசத்துக்கு ஒரு ஞாயிறு, ரெண்டாவது வாசகம் நீங்க வாசிக்கணும். முந்தின நாள் சாயங்காலம் வந்து ஒருதரம் சேர்ந்து வாசிச்சுப் பாத்துக்கலாம். நவம்பரோட முடிஞ்சிரும்."

"வாசகர் குழுவில் சேருங்கள்" என்று கேட்டால் ஆயுள் தண்டனை மாதிரி கேட்கும். முடிவு நாள் வந்ததும் நீங்களே போய் நன்றி சொல்லி விடுவித்துவிடுங்கள். பாதிப் பேராவது "இன்னும் ரெண்டு மாசம் செய்யறேனே" என்பார்கள். விடுவிக்காமல் இழுத்தால் அடுத்த வீட்டுக்கும் செய்தி போய்விடும்: மாட்டிக்கொண்டால் வெளியே வரமுடியாது என்று.

யாரிடம் எதைக் கேட்கலாம் என்பதைப் போகுமுன் பங்குத்தந்தையிடம் பேசி முடிவு செய்யுங்கள். நற்கருணை வழங்குவது, பேரவைப் பொறுப்பு போன்றவற்றுக்குத் திருமண நிலை சம்பந்தமான நிபந்தனைகள் உண்டு. கேட்டு, அவர் ஒப்புக்கொண்டு, பிறகு "உங்களுக்கு முடியாதாம்" என்று திரும்பிப் போனால் அந்தக் குடும்பத்தைக் கோயில் பக்கமே பார்க்கமுடியாது. பூ அலங்காரம், சமையல், வண்டி ஓட்டம், வயரிங் எல்லாவற்றுக்கும் அந்த நிபந்தனைகளுக்குள் வராதவர்களும் தாராளமாக வரலாம். இந்துவாக இருக்கும் கணவரையோ மனைவியையோ எல்லாரும் சேர்ந்து செய்யும் இப்படிப்பட்ட வேலைக்குக் கூப்பிடத் தயங்கவேண்டாம். இத்தனை வருடம் வாசலில் பைக்கில் உட்கார்ந்து காத்திருந்தவருக்கு உள்ளே வர அது ஒரு வழி.

புதியவர் முதல் தடவை தடுமாறினால் இரண்டாம் தடவை இல்லை. அதனால் பயிற்சி முக்கியம். மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்தவர்களுக்குத் திருவிவிலியத் தமிழ் கனமாக இருக்கும். பவுலின் திருமுகத்தில் வாக்கியம் நாலைந்து வரி ஓடும். வாசகத்தை 18 புள்ளி எழுத்தில் அச்சிட்டு, மூச்சுவிடும் இடங்களில் பென்சிலால் சாய்கோடு போட்டு, நன்றாக வாசிப்பவர் ஒருவரின் குரல்பதிவையும் சேர்த்து ஒரு வாரம் முன்பே கொடுங்கள். ஞாயிறு வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருபவை. கடைசி நேரத்தில் கொடுக்கக் காரணமே இல்லை. ஆள் இல்லாத கோயிலில் ஒலிவாங்கியில் ஒருமுறை வாசிக்கவிடுங்கள். வாயிலிருந்து ஒரு சாண் தூரம்; கிட்டே போனால் "ப" எல்லாம் வெடிக்கும். பாட்டுக்கு ரோமன் எழுத்தில் தமிழ் அச்சிட்டுக் கொடுப்பதில் தப்பே இல்லை, இளையவர்கள் வாய் திறப்பார்கள். வாசகத்துக்கு மட்டும் அது வேண்டாம்: ல, ள, ழ மூன்றும் ஒன்றாகி அர்த்தமே மாறிவிடும்.

அன்பியத்துக்கு ஏன் நான்கு வீடு?

பி.இ.சி. (அடிப்படைத் திருச்சபைச் சமூகம் என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று நம் பக்கம் சொல்லும் இந்தக் கூட்டம் புதிய திட்டம் அல்ல. தீபகற்ப மலேசியத் திருச்சபை 1976-லிருந்தே இதை முதன்மைப் பணிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. நோக்கம் சரி. சறுக்குவது பெரும்பாலும் சாப்பாட்டில். முதல் வீட்டில் தேநீரும் பிஸ்கட்டும். அடுத்த வீட்டில் மீகூன். அதற்கடுத்த வீட்டில் நாசி லெமாக்கும் கோழி சம்பலும். ஐந்தாவது வீட்டுக்காரர் மாதக் கடைசியில் இருப்பார், "வீட்டுல ஆள் இல்ல" என்று சொல்லிவிடுவார். எல்லா வீட்டிலும் தேநீர், பிஸ்கட் மட்டும் என்று பங்குத்தந்தை வாயாலேயே விதி வரட்டும். வசதி உள்ளவர்களுக்கும் விதிவிலக்கு கிடையாது. விலக்கு கொடுத்த அன்றே விதி செத்துவிடும்.

குழுவுக்கு 10 முதல் 15 வீடு. நடந்தோ ஐந்து நிமிட மோட்டார் சைக்கிளிலோ போகும் தூரம். எட்டு மணிக்குத் தொடங்கி ஒன்பதேகாலுக்கு முடியவேண்டும்; மெல்லிய சுவர் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டார் காலை நான்கரைக்குத் தொழிற்சாலைப் பஸ் பிடிக்கிறவராக இருக்கலாம். லிப்ட் இல்லாத நான்காம் மாடி என்றால் முதியவர்களுக்காகக் கீழேயுள்ள வீட்டில் வையுங்கள்.

கூட்டத்துக்கு, தென்னாப்பிரிக்காவின் லும்கோ மேய்ப்புப்பணி நிலையம் உருவாக்கிய ஏழு படி முறை நல்லது: ஆண்டவரை அழைத்தல், வாசகம், மனதைத் தொட்ட சொல்லை எடுத்துச் சொல்லுதல், மௌனம், பகிர்வு, செய்யவேண்டிய செயலைப் பேசுதல், செபம். நேரம் போய்விட்டது என்று பெரும்பாலான குழுக்கள் ஆறாவது படியைத் தாண்டிவிடுகின்றன. நீங்கள் தேடும் பங்கேற்பு அந்த ஆறாவது படியில்தான் இருக்கிறது. "மூணாவது புளோக் தாத்தாவுக்கு டயாலிசிஸ். செவ்வாய்க்கிழமை யார் காரில் கொண்டுபோவது?" இந்தக் கேள்விக்குக் கைதூக்கியவர் கோயில் வேலைக்கும் நாளை கைதூக்குவார். ஆறாம் படிக்குப் பதினைந்து நிமிடம் கட்டாயம் ஒதுக்குங்கள், பகிர்வைச் சுருக்கியாவது.

திருவிழாவும் நவநாளும் இந்த வேலைக்கு இயல்பாகவே பொருந்தும். ஒன்பது நாளை ஒன்பது அன்பியத்துக்கோ வீட்டுக் குழுவுக்கோ கொடுங்கள். அன்றைய வாசகம், பாட்டு, பூ, துப்புரவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. பழைய பன்னிருவர் அந்த ஒன்பது நாளும் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டும். பாட்டு சுருதி விலகினாலும் எழுந்து போய் ஒலிவாங்கியை வாங்கக்கூடாது. கோலாலம்பூரிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அன்று வந்து கூட்டத்தை நிறைப்பவர்களை உங்கள் 30 கணக்கில் சேர்க்காதீர்கள்.

பணம் பற்றி ஒரு வரி: விசுவாசிகள் தரும் காணிக்கைக்கு அவர்களிடமே கணக்குக் காட்டவேண்டும் என்று திருச்சபைச் சட்டம் 1287 சொல்கிறது. மாத வரவு செலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். "உள்ளே என்ன நடக்குதோ" என்று தள்ளி நிற்பவர்களில் சிலர் அதற்குப் பிறகு கிட்டே வருவார்கள்.

இளையோரை உறுதிபூசுதலுக்குப் பிறகு தேடாதீர்கள். அதற்கு முன்பே ஒலிபெருக்கி, திரை, பீடப்பணி என்று ஏதாவது ஒன்றில் கை பழகியிருக்கவேண்டும். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ இறுதித் தேர்வு) முடித்து மேற்படிப்பு அழைப்பு வரும்வரை சில மாதம் ஊரில்தான் இருப்பார்கள், அந்தக் காலத்துக்கு ஏற்ற குறுகிய வேலை கொடுங்கள். சிறுவர் பயிற்சியில் எப்போதும் பெரியவர்கள் இருவர் இருக்கவேண்டும். செய்தி பெற்றோருக்குப் போகட்டும், பிள்ளையின் போனுக்குத் தனியாக வேண்டாம்.

மிகக் கடினமான பகுதி அந்தப் பன்னிருவர்தான். "ஆளே இல்லை" என்று குறைப்பட்டுக்கொள்பவர்களே புதியவர் வந்ததும் "அதை அப்படி வைக்கக்கூடாது" என்பார்கள். இருபது வருடம் பாட்டுக் குழுவைத் தாங்கியவரிடம் வேலையைப் பிடுங்கினால் அவர் மட்டும் போகமாட்டார், குடும்பமே போகும். ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு பொறுப்பை மட்டும் விட்டுவைத்து, அதற்கும் ஓராண்டுக்குள் ஒரு வாரிசைப் பழக்கித் தரும்படி கேளுங்கள். முதலில் பேரவைத் தலைவரிடமும் உங்களிடமும் இருந்தே தொடங்குங்கள். நீங்கள் இப்போது எத்தனை வேலை பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

"இப்ப முடியாதுங்க" என்று சொன்னவர் பெயரை அட்டையில் தேதியோடு குறித்து, ஆறு மாதம் கழித்து வேறொரு வேலைக்கு, வேறிருவர் போய்க் கேட்கட்டும்.