200 நிமிடத்தில் உங்கள் மகனுக்கு எத்தனை நிமிடம்?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம். நானும் மனைவியும் ஐ.டி. வேலையில், எச்-1பி விசாவில். மகன் பத்தாம் வகுப்பு. பள்ளியின் முதன்மைக் கூடைப்பந்து அணியான வார்ஸிட்டியில் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை எடுத்துச் சென்று ஆட்டத்தை நடத்துகிறவன்; 6 அடி உயரம். டியூக் பல்கலைக்கழக அணி என்றால் அவனுக்கு உயிர். நாலைந்து கல்லூரிகளிலிருந்து கேம்ப்புக்கு வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. ஸ்காலர்ஷிப் கிடைத்துவிடும் என்கிறார், பள்ளிக்கு வெளியே அவன் ஆடும் டிராவல் டீமின் கோச். படிப்பு கெட்டுவிடுமோ என்று மனைவிக்குப் பயம். என்ன செய்யலாம்?

பதில்: அந்த மெயில்களை முதலில் ஓரமாக வையுங்கள். கேம்ப் அறிவிப்பையும் விவரப் படிவத்தையும் எந்த வகுப்புப் பிள்ளைக்கும் எப்போது வேண்டுமானாலும் அனுப்பலாம், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் விதி அதைத் தடுப்பதில்லை. கல்லூரி நடத்தும் கேம்ப்பில் இடம் இருக்கும்வரை, வயதும் வகுப்பும் பொருந்துகிற யாரையும் சேர்த்தாக வேண்டும் என்பதும் விதிதான். ஆகவே மெயில் வந்தது என்றால் பட்டியலில் பெயர் இருக்கிறது, அவ்வளவே.

என்சிஏஏவின் மூன்று பிரிவுகளில் மேலானதான டிவிஷன் 1 ஆண்கள் கூடைப்பந்தில் கோச்சுகள் ஒரு மாணவனுக்குத் தனிப்பட எழுதவும் போனில் பேசவும் அனுமதி கிடைப்பது, பத்தாம் வகுப்பு முடிந்த பின் வரும் ஜூன் 15 முதல். அந்த வாரம் போனைக் கவனியுங்கள். உதவி கோச் ஒருவர் மகனின் பெயரைச் சொல்லி, அவன் ஆடிய ஒரு ஆட்டத்தைப் பற்றிப் பேசினால் அவர்கள் அவனைப் பார்த்திருக்கிறார்கள். முழு ஆட்ட வீடியோவும் மதிப்பெண் பட்டியலான டிரான்ஸ்கிரிப்ட்டும் கேட்டால் அக்கறையோடுதான் பேசுகிறார்கள். 'எங்கள் எலைட் கேம்ப்பில் சில இடங்களே மீதம்' என்று வந்தால் அது கேம்ப் வியாபாரம். போக ஆசையென்றால் போகட்டும், ஆனால் அதை ரெக்ரூட்டிங், அதாவது அணிக்கு ஆள் எடுக்கும் கணக்கில் எழுதாதீர்கள்.

டிராவல் டீம் கோச் சொல்வதை அளக்க ஒரு கணக்கு. பள்ளியில் ஆடும் பையன்களில் டிவிஷன் 1 வரை போகிறவர் ஏறக்குறைய நூறில் ஒருவர். மூன்று டிவிஷன்களையும் சேர்த்தாலும் நூறில் மூன்று நான்கு பேர்தான். 6 அடி பாயிண்ட் கார்டு நாட்டில் ஏராளம். இதனால் கதவு மூடிவிட்டது என்று இல்லை. எந்தக் கதவைத் தட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ரோஸ்டரை, அதாவது அணியின் ஆட்டக்காரர் பட்டியலைப் படிக்கத் தெரிய வேண்டும். பெற்றோர் பெரும்பாலும் கல்லூரியின் பெயரைப் பார்க்கிறார்கள், பையன்கள் டிவியில் வருகிற அணியைப் பார்க்கிறார்கள். நிமிடத்தைப் பார்ப்பவர் குறைவு. கல்லூரி ஆட்டம் 40 நிமிடம், களத்தில் ஐந்து பேர், ஆக ஓர் அணிக்கு ஓர் ஆட்டத்தில் 200 நிமிடம். முதல் ஐந்து பேர் தலைக்கு 30 நிமிடம் ஆடினாலே 150 போய்விடும். ஆறாவது ஏழாவது ஆட்டக்காரர்கள் சேர்ந்து 35 எடுத்துக்கொள்வார்கள். மீதி 15 நிமிடத்தை எட்டாமவரும் ஒன்பதாமவரும் பங்கு போட வேண்டும். ரோஸ்டரில் 15 பேர் என்றால் ஆறு பேர் தோளில் டவலோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆஃபர் தருகிற கோச் உங்கள் மகனுக்கு இதில் எந்த நாற்காலியை மனதில் வைத்திருக்கிறார் என்பதுதான் கேள்வி.

விடை கல்லூரியின் விளையாட்டு இணையதளத்திலேயே கிடக்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் நடந்த கான்ஃபரன்ஸ் ஆட்டங்களின், அதாவது அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் லீக் ஆட்டங்களின் பாக்ஸ் ஸ்கோர் (யார் எத்தனை நிமிடம் ஆடினார், எத்தனை புள்ளி எடுத்தார் என்ற அட்டவணை) பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நவம்பர் ஆட்டங்கள் வேண்டாம். நோஞ்சான் அணியை 35 புள்ளி வித்தியாசத்தில் அடிக்கும்போது புதுப் பையன்களையும் பத்து நிமிடம் இறக்கிவிடுவார்கள், அதைப் பார்த்து ஏமாந்துபோவோம். பத்து ஆட்டத்திலும் முதலாண்டு மாணவர் எத்தனை பேர் பத்து நிமிடத்துக்கு மேல் ஆடினார்கள் என்று எண்ணுங்கள். அடுத்து ஆட்ட வரிசைப் பதிவை, அதாவது பிளே-பை-பிளேயைத் திறந்து பாருங்கள். முதல் பாதியில் முதன்மை பாயிண்ட் கார்டுக்கு இரண்டாவது ஃபவுல் விழுந்தால் பல கோச்சுகள் அவரை இடைவேளை வரை உட்கார வைத்துவிடுவார்கள், ஐந்து ஃபவுலில் அவர் ஆட்டத்தை விட்டே வெளியேற வேண்டும் என்பதால். அப்போது உள்ளே வருபவர்தான் உண்மையான இரண்டாம் ஆள். 'பேக்கப் கார்டு' என்று காகிதத்தில் யார் பெயர் இருந்தாலும் சரி. கடைசி நான்கு நிமிடம் களத்தில் இருக்கும் ஐவரையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரும் முடிக்கும் ஐவரும் பல அணிகளில் ஒரே ஆட்களாக இருப்பதில்லை. கோச் யாரை நம்புகிறார் என்பது முடிக்கும் ஐவரில்தான் தெரியும்.

பிறகு இரண்டு ஆண்டுக்கு முந்தைய ரோஸ்டரை இந்த ஆண்டு ரோஸ்டரோடு ஒப்பிடுங்கள். அப்போது சேர்ந்த முதலாண்டு மாணவர்களில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள்? இப்போதைய அணியில் 'முந்தைய பள்ளி' என்ற இடத்தில் வேறு கல்லூரியின் பெயர் எத்தனை பேருக்கு இருக்கிறது? 2024 ஏப்ரலுக்குப் பிறகு, படிப்பில் தகுதியோடு இருக்கும் ஆட்டக்காரர் எத்தனை முறை கல்லூரி மாறினாலும் ஓராண்டு வெளியே உட்கார வேண்டியதில்லை. சாம்பியன்ஷிப் முடிந்ததும் ஏப்ரலில், கல்லூரி மாற விரும்புகிறவர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் திறக்கும். 18 வயதுப் பையனை இரண்டு ஆண்டு வளர்த்தெடுப்பதைவிட, சின்ன கான்ஃபரன்ஸில் மூன்று சீசன் ஆடி உடம்பும் அனுபவமும் ஏறிய 22 வயதுக்காரரைக் கொண்டுவருவது கோச்சுக்கு லாபம், ஏனென்றால் கோச்சின் வேலையும் வருடா வருடம் ஆட்டம் காணக்கூடியது. ஆகவே ஜனவரியில் காலியாகத் தெரிந்த நாற்காலி மே மாதம் நிரம்பியிருக்கும். 'கடந்த இரண்டு ஆண்டில் இந்த இடத்துக்குப் போர்ட்டலில் எத்தனை பேரை எடுத்தீர்கள்?' என்று மகனே நேராகக் கேட்கட்டும். நல்ல கோச் கோபித்துக்கொள்ள மாட்டார்.

'ஸ்காலர்ஷிப் இல்லாவிட்டால் வாக்-ஆனாக (ஸ்காலர்ஷிப் இல்லாத அணி ஆட்டக்காரராக) சேர்ந்துவிடலாம்' என்ற யோசனைக்கும் பழைய வலு இல்லை. முன்பு ஆண்கள் அணிக்கு 13 ஸ்காலர்ஷிப், அதற்கு மேல் வாக்-ஆன்கள். கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புக்கொண்ட உடன்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் உச்சவரம்பு போய், அணிக்கே 15 பேர் என்ற வரம்பு வந்திருக்கிறது. ஓரத்து நாற்காலிகள்தான் குறைந்தன. இந்திய வம்சாவளிப் பையன் வருண் ராமின் கதையை நம் வீடுகளில் சொல்வார்கள்: டிவிஷன் 3 டிரினிட்டி கல்லூரியில் ஓராண்டு, பிறகு மேரிலாந்தில் வாக்-ஆன். 2015 மார்ச்சில் வால்பரைசோ பல்கலைக்கழக அணிக்கு எதிராக 65-62 என்று முன்னிலையில் இருந்தபோது, கடைசி நொடிகளில் பந்து வைத்திருப்பவரை ஒட்டிக் காவல் காக்க கோச் அவரைத்தான் இறக்கினார். எதிரணியால் சமன் செய்ய முடியவில்லை. இதில் பாடம் என்றால், சட்டென்று நினைவுக்கு வருகிற ஒரு திறமை வேண்டும் என்பது. 5 அடி 9 அங்குலக்காரருக்கு அது காவல். உங்கள் மகனுக்கு எது என்று டிராவல் கோச்சிடம் கேளுங்கள். 'எல்லாமே நன்றாகச் செய்வான்' என்று பதில் வந்தால், இன்னும் எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

அணியின் ஆட்டமுறையும் நிமிடத்தை மாற்றும். மெதுவாகப் பந்தை வைத்து ஆடி, ஏழு பேரை மட்டும் நம்பும் கோச்சிடம் எட்டாமவருக்கு வேலையே இல்லை. முழுக் களத்திலும் நெருக்கிப் பிடிக்கும் அணி களைத்துப்போகும், அதனால் ஒன்பது பத்து பேரைச் சுழற்றும். இதன் உச்சம் அயோவாவின் கிரின்னெல் கல்லூரி, டிவிஷன் 3. ஐந்து ஐந்து பேராக மொத்தமாக மாற்றி, ஓடிக்கொண்டே மூன்று புள்ளி ஷாட் எறியும் முறைக்குப் பெயர் போனது; 2012இல் ஜாக் டெய்லர் ஒரே ஆட்டத்தில் 138 புள்ளி எடுத்தது அங்கேதான். அதைக் கூடைப்பந்து என்று ஒத்துக்கொள்ளாத பெரியவர்களும் உண்டு. படிப்பில் அது முதல் வரிசைக் கல்லூரி என்பதை உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்.

படிப்பு பற்றிய அவருடைய பயத்துக்கு வருவோம். டிவிஷன் 1க்கு 16 கோர் (அடிப்படை) பாடங்கள் வேண்டும், அவற்றில் மதிப்பெண் சராசரியான ஜிபிஏ குறைந்தது 2.3. பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் 10 முடித்திருக்க வேண்டும், அந்தப் பத்தில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலில். அந்த 10 பாட மதிப்பெண் அதோடு பூட்டப்பட்டுவிடும், பிறகு திரும்ப எழுதி ஏற்ற முடியாது. எஸ்ஏடி, ஏசிடி நுழைவுத் தேர்வு நிபந்தனையை என்சிஏஏ 2023இல் எடுத்துவிட்டது. கல்லூரி கேட்டால் அது வேறு. நம் பிள்ளைகளுக்கு 2.3 ஒரு தடையே இல்லை. தடுக்குவது வேறிடத்தில்: கம்ப்யூட்டர், ஹெல்த் சயின்ஸ், பிசினஸ் என்று எலெக்டிவ்களாக அடுக்கியிருப்பார்கள், அவை கோர் கணக்கில் வராமல் போகும். கம்ப்யூட்டர் பாடம் எண்ணப்பட வேண்டுமானால் பள்ளி அதைக் கணிதம் அல்லது அறிவியல் கிரெடிட்டாகத் தந்திருக்க வேண்டும், என்சிஏஏ பட்டியலிலும் இருக்க வேண்டும். என்சிஏஏ தகுதி மையத்தின் தளத்தில் உங்கள் பள்ளியின் பெயரைப் போட்டால் ஏற்கப்பட்ட பாடங்களின் பட்டியல் வரும். பதினொன்றாம் வகுப்புப் பாடம் தேர்வு செய்வதற்கு முன் அதை பிரிண்ட் எடுத்துப் பள்ளி கவுன்சிலரிடம் கொண்டுபோங்கள். உடம்பு ஏறட்டும் என்று ஒரு வகுப்பைத் திரும்பப் படிக்க வைக்கும் பழக்கமும் இங்கே உண்டு. ஒன்பதாம் வகுப்பில் கால் வைத்த நாளிலிருந்து எட்டு செமஸ்டர்தான் கணக்கு என்பதை மறந்து அதில் இறங்காதீர்கள்.

விசாதான் உங்கள் வீட்டுக்கே உரிய சிக்கல், டிராவல் கோச்சுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. எச்-1பி பெற்றோரின் பிள்ளைக்கு இருக்கும் எச்-4 விசாவில் ஸ்காலர்ஷிப் வாங்கலாம், அது சம்பளம் ஆகாது. ஆனால் விளம்பரம், கையெழுத்து, சமூக ஊடகப் பதிவு என்று என்ஐஎல் (ஆட்டக்காரர் தன் பெயரையும் படத்தையும் வைத்துச் சம்பாதிப்பது) வழியாக வரும் பணம் வேலை அனுமதி இல்லாத எச்-4 பிள்ளைக்கு ஆபத்து. கல்லூரி நேராகத் தரும் வருவாய்ப் பங்கும் அப்படித்தான். பணத்துக்குக் கை நீட்டுமுன் குடிவரவு வழக்கறிஞரைப் பாருங்கள். 21 வயதில் எச்-4 முடிந்துவிடும், அது பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் வரும். அதற்குள் கிரீன் கார்டு வராவிட்டால் மாணவர் விசாவான எஃப்-1க்கு மாற வேண்டும், அதிலும் என்ஐஎல் கதை இதேதான். கூட்டரசின் கல்வி உதவி இரண்டு விசாவுக்கும் கிடையாது. ஆஃபர் காகிதம் வந்தால் ஸ்காலர்ஷிப் ஓராண்டுக்கா நான்காண்டுக்கா, தங்குமிடமும் சாப்பாடும் அடங்குமா என்று வரி வரியாகப் படியுங்கள். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் தரும் தொகைக்கு வருமான வரி உண்டு.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால், உங்கள் மகனுக்கு நான் முதலில் பார்க்கச் சொல்வது ஐவி லீகின் எட்டுக் கல்லூரிகளும், படிப்பில் பெயர் பெற்ற டிவிஷன் 3 கல்லூரிகளும். இரண்டிலும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. ஆனால் கோச்சின் ஆதரவு அட்மிஷனில் எடை போடும். பல டிவிஷன் 3 கல்லூரிகளில் பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலையில் 'ப்ரீ-ரீட்' நடக்கும்: டிரான்ஸ்கிரிப்ட், எஸ்ஏடி, பன்னிரண்டாம் வகுப்புப் பாடப் பட்டியலை கோச் அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து, சேர்க்கை வாய்ப்பு எப்படி என்று முன்கூட்டியே கேட்டுச் சொல்வார். சாதகமாக வந்தால் எர்லி டிசிஷனில் விண்ணப்பிக்கச் சொல்வார்கள். அது கட்டுப்பாடான ஒப்பந்தம், கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். இரண்டு ஐ.டி. சம்பளத்துக்கு எவ்வளவு உதவி வரும் என்று கல்லூரித் தளத்தில் உள்ள நெட் பிரைஸ் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்த பிறகே கையெழுத்து. உங்கள் வருமானத்துக்குப் பெரிதாக எதுவும் வராது என்று எதிர்பார்த்தே உட்காருங்கள்.

கோச்சுகளுக்கு மெயில் மகன் எழுத வேண்டும். அப்பா எழுதிய மெயில் முதல் வரியிலேயே தெரிந்துவிடும், பாயிண்ட் கார்டாக ஆட வேண்டியவனுக்கு அது நல்ல அறிமுகம் இல்லை. தலைமை கோச்சைவிட ரெக்ரூட்டிங் பார்க்கும் உதவி கோச்சுக்கு அனுப்புவது பலன் தரும். சப்ஜெக்ட் வரியிலேயே பள்ளி முடிக்கும் ஆண்டு, பொசிஷன், ஷூ இல்லாமல் அளந்த உயரம், ஜிபிஏ, ஊர். வீடியோ மூன்று நிமிடம் போதும், பாட்டு வேண்டாம். முதல் அரை நிமிடத்தில் அவனுடைய சிறந்ததும், காவல் ஆட்டமும் வரட்டும். ஒவ்வொரு துண்டிலும் அவன் யார் என்று அம்புக்குறி. கீழே வெட்டாத முழு ஆட்டம் ஒன்றின் இணைப்பு. தவறிய பந்துக்குப் பின் எவ்வளவு வேகமாகத் திரும்பி ஓடுகிறான் என்பதைக் கோச்சுகள் அதில்தான் பார்ப்பார்கள். ஜூலை போட்டிகளுக்கு ஒரு வாரம் முன் ஆட்ட நேரமும் கோர்ட் எண்ணும் ஜெர்சி எண்ணும் அனுப்ப வேண்டும்.

டியூக் விஷயம். அதன் கேமரன் அரங்கில் 9,314 இருக்கைதான், பரம எதிரியான நார்த் கரோலினாவுடன் நடக்கும் ஆட்டத்துக்கு மாணவர்கள் வாரக்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருக்கிறார்கள். அந்த ஆசையைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் ஆடுவதற்கு ஒரு பட்டியல், ஆடாவிட்டாலும் படிக்க விரும்பும் கல்லூரிகளுக்கு வேறு பட்டியல் என்று இரண்டாக எழுதச் சொல்லுங்கள். டியூக் இரண்டாவதில் இருக்கட்டும். பெரிய அணிகளுக்கு மாணவ மேனேஜர்கள் உண்டு. பயிற்சியைப் படம்பிடிப்பது, பந்து பொறுக்கிக் கொடுப்பது, புள்ளிவிவரம் எடுப்பது, துணி துவைக்கப் போடுவது எல்லாம் அவர்கள் வேலை, வாரத்தில் பல மணி நேரம் போகும். லாரன்ஸ் ஃபிராங்க் இந்தியானா பல்கலைக்கழகத்தில் அப்படி மேனேஜராக இருந்தவர், பிறகு என்பிஏவில் நியூ ஜெர்சி நெட்ஸின் தலைமை கோச் ஆனார். வீடியோ, டேட்டா பக்கம் கை ஓடுகிற பையனுக்கு இது நல்ல வழி. சம்பளம் தரும் மேனேஜர் வேலையை எச்-4இல் எடுக்க முடியாது, எஃப்-1இல் கல்லூரிக்குள் வாரம் 20 மணி நேரம் வரை முடியும். எந்த விசாவில் சேர்வது என்று முடிவெடுக்கும்போது இதையும் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள்.