கெக்கெக், ப்ர்ர்ருப், மாவ்வ்: பூனைச் சத்தம் பற்றிக் கேள்வி பதில்

22 வருடமாக எங்கள் வீட்டில் பூனை இல்லாத நாள் கிடையாது. நான் மருத்துவர் இல்லை. தெருவில் கிடைத்த குட்டிகளைத் தூக்கி வந்து வளர்த்து, மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். வந்த கேள்விகளில் ஒன்றை மட்டும் வரிசை மாற்றி முதலில் எடுக்கிறேன். அதற்குக் காத்திருக்க நேரம் இல்லை.

கேள்வி (சேலம்): 3 வயது ஆண் பூனை. காலையிலிருந்து மணல் தட்டுக்குப் போவதும் வருவதுமாக இருக்கிறது. உட்கார்ந்து முக்குகிறது, அடித்தொண்டையில் முனகுகிறது. மலச்சிக்கல்தானே அக்கா? விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?

தம்பி, எண்ணெயை அப்படியே வைத்துவிட்டு, பூனையைக் கூடையில் எடுத்துக்கொண்டு இப்போதே கால்நடை மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் இது சிறுநீர் அடைப்பு. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். பொடி மணல் போன்ற படிகங்களோ சளி போன்ற கசடோ அதை அடைத்துவிடும். வெளியே போகாத கழிவு ரத்தத்தில் ஏறும், பொட்டாசியம் கூடும், இதயம் நின்றுவிடும். ஓரிரண்டு நாளில் உயிர் போகும். பார்லித் தண்ணீர் கொடுத்து ஒரு ராத்திரி பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிட வேண்டாம், பூனைக்கு அது விஷம்.

கேள்வி (நாகர்கோவில்): சுவரில் பல்லியைப் பார்த்தால் எங்கள் பூனை தாடை நடுங்க 'கெக்கெக்கெக்' என்கிறது. மியாவ் மாதிரியே இல்லை. வலிப்பா?

வலிப்பு இல்லை. வலிப்பு வந்தால் பூனை தன்னிலை மறந்து விழும், கால்கள் வெட்டி இழுக்கும், எச்சில் வழியும். உங்கள் பூனையின் கண் பல்லியை விட்டு அசையவில்லை, காது முன்னால் திரும்பி நிற்கிறது, வால் நுனி துடிக்கிறது என்றால் அது முழு உணர்வோடு இருக்கிறது. எட்டாத இரையைப் பார்க்கும்போது வரும் சத்தம் இது. ஜன்னலுக்கு வெளியே அணிலோ மைனாவோ உட்கார்ந்தாலும் வரும். ஏன் வருகிறது என்பதற்கு ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். கிடைக்காத ஏக்கம் என்பார்கள் சிலர், கழுத்தைக் கடிக்கும் தாடை அசைவு முந்திக்கொண்டு வந்துவிடுகிறது என்பார்கள் சிலர். இரையின் குரலைப் போலச் செய்வது என்றும் ஒரு கருத்து உண்டு. 2005-ல் பிரேசிலின் அமேசான் காட்டில் மார்கே என்ற காட்டுப் பூனை, குட்டிக் குரங்கின் குரலைப் போலக் கத்திக் குரங்குக் கூட்டத்தை அருகே வரவைத்ததை ஆய்வாளர்கள் நேரில் பார்த்திருக்கிறார்கள்.

எனக்கு ஏக்கம் என்பதுதான் சரியாகப் படுகிறது. அதனால் என் வீட்டில் 'கெக்கெக்' கேட்டால் ஒரு துணிப்பந்தைக் குச்சியில் கட்டி ஐந்து நிமிடம் துரத்த விடுவேன், கடைசியில் அது கையில் சிக்கட்டும் என்று விட்டுக்கொடுப்பேன். விளையாடி முடித்ததும் கயிற்றை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தையல் நூல், பூக்கட்டும் நூல் எதையும் தரையில் விடாதீர்கள். விழுங்கிய நூல் குடலையே சுருக்கி அறுத்துவிடும்.

இன்னொன்று. பல்லியே இல்லாமல், சாப்பிடும்போது தாடை நடுங்கினால் அது பல் வலியாக இருக்கலாம். வாயைக் காட்டுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): 7 மாதப் பெண் பூனை, நான்கு நாளாக ராத்திரி குழந்தை அழுவது போலக் கத்துகிறது. தரையில் உருள்கிறது. பூனை அழுதால் வீட்டுக்கு ஆகாது, கொண்டுபோய் விட்டுவிடு என்கிறார் மாமியார். மனசு கேட்கவில்லை.

விட்டுவிடாதீர்கள் அம்மா. அது அழவில்லை, துணையைக் கூப்பிடுகிறது. பருவத்துக்கு வந்த பெட்டைப் பூனை இப்படித்தான் நீட்டி இழுத்துக் கத்தும், உருளும், முதுகைத் தடவினால் பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஒருபுறம் ஒதுக்கும். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு இடுப்பில் அடிபட்டுவிட்டதோ என்றுகூடத் தோன்றும். ஒரு வாரம் போல இருக்கும், அடங்கும், கடுவனோடு சேராவிட்டால் இரண்டு மூன்று வாரத்தில் திரும்ப வரும். குளிர் நாடுகளில் பகல் நீளும் மாதங்களில்தான் பூனைகள் பருவத்துக்கு வரும். நம் ஊரில் பகல் நேரம் பெரிதாகக் கூடிக் குறைவதில்லை. அதனால் வருடம் முழுக்க இந்தக் குரல் கேட்கும், சகுனம் என்ற பேச்சும் கூடவே வரும்.

வழி ஒன்றுதான், கருத்தடை ஆபரேஷன். பருவ நாட்களில் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடலாம் என்பதால் சில மருத்துவர்கள் அது அடங்கட்டும் என்பார்கள். தேதியை மட்டும் இன்றே கேட்டு வாங்கிவிடுங்கள். அதுவரை கதவு ஜன்னல் பத்திரம். சினைக்காலம் ஒன்பது வாரம்தான். பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சினையும் பிடித்துவிடும். கத்தலை நிறுத்த ஹார்மோன் மாத்திரை வாங்கிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கருப்பையில் சீழ் வைக்கவும் மடியில் கட்டி வரவும் அது காரணமாகும், வேண்டாம்.

மாமியாரிடம் காரணத்தைப் பொறுமையாகச் சொல்லிப் பாருங்கள். ஆபரேஷன் முடிந்து ராத்திரி அமைதியாகிவிட்டால் அவருக்கும் பயம் போய்விடும்.

கேள்வி (திருப்பூர்): பைக் மோதிய பூனையை மருத்துவரிடம் தூக்கிப் போனேன். வழியெல்லாம் 'குர்ர் குர்ர்' என்றது. வலியே இல்லை என்று நினைத்தேன். கால் இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. எப்படி?

குர்ர் சத்தத்துக்குச் சந்தோஷம் மட்டும் காரணம் இல்லை. குட்டி பிறந்த சில நாளிலேயே, கண் திறக்கும் முன்பே, தாயின் வயிற்றில் ஒட்டிக்கொண்டு குர்ர் என்கிறது. தாயும் பதிலுக்கு அதே சத்தம் கொடுக்கிறது. அந்த நெருக்கத்தின் சத்தத்தைப் பூனை வாழ்நாள் முழுக்க வைத்துக்கொள்கிறது. மடியில் படுத்தாலும் வரும், பிரசவ வேதனையிலும் வரும், அடிபட்டாலும் வரும். தன்னைத் தேற்றிக்கொள்கிறது என்றுதான் நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இவ்வளவு சின்ன உடம்பில் அவ்வளவு கனத்த ஒலி எப்படி என்று 2023-ல் வியன்னா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பூனையின் குரல் நாணுக்குள் மெத்தை போன்ற தடிப்பு இருக்கிறது, அதுதான் நொடிக்கு 25, 30 முறை என்ற மெதுவான அதிர்வுக்கு இடம் கொடுக்கிறது என்றார்கள்.

2009-ல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தின் கேரன் மெக்காம்ப் குழு இன்னொன்றைக் கண்டது. பசித்த பூனை, குர்ர் சத்தத்துக்குள்ளேயே குழந்தை அழுகையின் உயரத்தில் ஒரு மெல்லிய கூவலைச் செருகுகிறது. பூனை வளர்க்காதவர்கள் காதுக்கும் அது அவசரமாகக் கேட்டதாம். காலை ஐந்து மணிக்குத் தலைமாட்டில் வந்து குர்ர் என்றால் நம்மால் தூங்க முடியாதது இதனால்தான்.

எங்கள் வீட்டில் 16 வருடம் இருந்த மீனாட்சி, கடைசி நாளில் தண்ணீர்கூட இறங்காத நிலையில், என் கை பட்டதும் குர்ர் என்றாள். அதனால் சத்தத்தை மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். சாப்பிடுகிறதா, நடக்கிறதா, ஒளிந்து கொள்கிறதா, இதையும் சேர்த்துப் பாருங்கள்.

கேள்வி (சென்னை): கழுத்தை நீட்டித் தரையோடு படுத்து இருமுகிறது. முடி உருண்டை என்கிறார்கள். ஆனால் எதுவும் வெளியே வருவதில்லை.

முடி உருண்டை என்றால் வயிறு எக்கி எக்கி, பெரும்பாலும் கடைசியில் ஏதாவது வந்துவிடும். எதுவும் வராமல் இருமல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் ஆஸ்துமாவாக இருக்கலாம். அடுத்த தடவை போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், வாயால் சொல்வதைவிட அது பயன்படும். கொசுவர்த்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணிப் புகையை இன்றே நிறுத்துங்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால் வீடியோவுக்குக்கூட நிற்காமல் ஓடுங்கள்.

கேள்வி (மதுரை): என் காலுறையை முகர்ந்துவிட்டு, வாயைப் பாதி திறந்து உதட்டைச் சுருக்கி அப்படியே உறைந்து நிற்கிறது. அருவருப்பா?

இல்லை, உன்னிப்பு. பூனையின் மேல் வாயில், முன்பற்களுக்குப் பின்னால் இரண்டு சிறு துளைகள் உண்டு. மூக்கால் பிடிக்க முடியாத வாசனைகளை அந்த வழியாக உள்ளே இழுத்து ஆராய்கிறது. சில நொடியில் முடிந்துவிடும்.

கேள்வி (யாழ்ப்பாணம்): 14 வயது. இரவில் நடுக்கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக் கத்துகிறது. முன்பு இப்படி இல்லை.

'முன்பு இல்லை' என்பதைத்தான் கவனிக்க வேண்டும். வயதான பூனை புதிதாகக் கத்தினால் தைராய்டு, ரத்த அழுத்தம், சிறுநீரகம் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். நன்றாகத் தின்றும் மெலிகிறது என்றால் தைராய்டு மேல் சந்தேகம் கூடும். காது மந்தமானாலும் குரல் உயரும், வயதில் வரும் மறதியாலும் இப்படிக் கத்தும். அதுவரை ஒரு சின்ன இரவு விளக்கு போட்டு வையுங்கள். கத்தும்போது பக்கத்தில் போய் மெதுவாகத் தடவுங்கள், பாவம், அதட்டாதீர்கள்.

கேள்வி (கோவை): வாயைத் திறக்காமல் 'ப்ர்ர்ருப்' என்கிறதே?

தாய்ப் பூனை குட்டிகளைக் கூப்பிடும் சத்தம். உங்களைப் பார்த்துச் சொன்னால் வரவேற்பு. வாலும் செங்குத்தாக நிற்கும், பாருங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): தோட்டத்தில் களை பிடுங்கினேன். பூனை ஓடி வந்து வேரில் முகத்தைத் தேய்த்து, எச்சில் வழிய உருண்டு புரண்டது. விஷச் செடியா?

குப்பைமேனியைப் பிடுங்கியிருப்பீர்கள். அந்தச் செடிக்குப் பூனைவணங்கி என்றே இன்னொரு பெயர் உண்டு, நம் முன்னோர் பார்த்து வைத்த பெயர். வெளிநாட்டுப் பூனைகள் கேட்னிப் செடிக்கு மயங்குவது போல நம் ஊர்ப் பூனைகள் இதன் வேருக்கு மயங்கும். எல்லாப் பூனைகளும் மயங்காது, எங்கள் வீட்டில் ஐந்தில் இரண்டு திரும்பிக்கூடப் பார்க்காது. மயக்கம் சில நிமிடத்தில் தெளிந்துவிடும். முகர்ந்து உருளட்டும், தின்ன மட்டும் விடாதீர்கள். மருந்து தெளித்த இடத்தில் முளைத்த செடி என்றால் கிட்டவே விட வேண்டாம். இல்லையென்றால் வேரைக் கழுவி, மண் போக உதறி, தாழ்வாரத்தில் போட்டுவிட்டு நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.