கை முந்துகிறது, மனம் பிந்துகிறது

கேள்வி: என் தம்பிக்கு வயது 38. குடிநோய்க்காக மறுவாழ்வு மையம் ஒன்றில் சேர்த்திருக்கிறோம். மாத்திரைகளும் ஆலோசனையும் போக, நாள்தோறும் கால் மணி நேரம் அவனைக் கணினி முன் உட்காரவைத்து, திரையில் வரும் மது பாட்டில் படங்களை ஒரு கைப்பிடியால் தள்ளச் சொல்கிறார்கள். உண்மையிலேயே இது சிகிச்சைதானா? வீடு திரும்பிய பின் மாத்திரையை நிறுத்திவிட்டு இதையே செல்பேசியில் செய்தால் போதாதா?
— ஒரு வாசகி

பதில்: பார்ப்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத்தான் இருக்கும், முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் இது சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

பல ஆண்டுகள் குடித்தவரின் மூளையில், பாட்டிலின் தோற்றம், குவளையின் ஓசை, வழக்கமாகக் குடிக்கும் நேரம் ஆகியவை போதையோடு இறுகப் பிணைந்துவிடுகின்றன. பழகிய ஓட்டுநரின் கால் யோசிக்காமலே பிரேக்கைத் தேடுவதுபோல, பாட்டிலைக் கண்டதும் அதை நோக்கிச் செல்லும் உந்துதல், ‘வேண்டாம்’ என்ற எண்ணம் எழுவதற்குள் தொடங்கிவிடுகிறது. இதைத்தான் வீட்டார் ‘மன உறுதி இல்லை’ என்று திட்டுகிறார்கள். உறுதி இருந்தும் அது வந்து சேர்வதற்குள் கை முந்திக்கொள்கிறது என்பதே பெரும்பாலும் நடப்பது.

உங்கள் தம்பி செய்யும் பயிற்சி இந்த முந்துதலைக் குறிவைக்கிறது. படத்தில் இருப்பது மதுவா வேறு பானமா என்று பார்க்கச் சொல்வதற்குப் பதிலாக, படம் நெடுவாக்கில் இருந்தால் ஜாய்ஸ்டிக்கை முன்னே தள்ளவும், படுக்கைவாக்கில் இருந்தால் தன் பக்கம் இழுக்கவும் சொல்வது ஒரு வழக்கமான முறை. தள்ளும்போது படம் சுருங்கி மறையும். இழுக்கும்போது பெரிதாகி முகத்தருகே வருவதுபோல் தெரியும். மதுப் படங்கள் தள்ள வேண்டிய வாக்கிலும், மது அல்லாத பானங்கள் இழுக்க வேண்டிய வாக்கிலும் வருமாறு அமைத்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான முறை பாட்டிலை அப்புறப்படுத்தி அப்புறப்படுத்தி, அதைக் கண்டால் விலக்குவது கைக்குப் பழக்கமாகிறது. பயிற்சிக்கு முன்னும் பின்னும், இழுக்க எவ்வளவு நேரம், தள்ள எவ்வளவு நேரம் என்று மில்லி விநாடிக் கணக்கில் அளந்து மாற்றத்தைக் காண்பார்கள்.

ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் ரைனவுட் வியர்ஸும் சக ஆய்வாளர்களும் ஜெர்மனியில் உள்நோயாளிகள் 214 பேரிடம் நடத்திய ஆய்வு 2011-இல் வெளியானது. வழக்கமான சிகிச்சையோடு நான்கே அமர்வுகள் இந்தப் பயிற்சி பெற்றவர்களில், ஓராண்டுக்குப் பின் 46 விழுக்காட்டினர் மீண்டும் குடித்திருந்தனர். பயிற்சி பெறாதவர்களில் 59 விழுக்காட்டினர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் நச்சுநீக்கச் சிகிச்சையில் (குடியை நிறுத்தவைக்கும் தொடக்கக் கட்டச் சிகிச்சை) இருந்த 300 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிடப்பட்ட ஆய்விலும், வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் குடிக்காமல் இருந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 54.4 விழுக்காடு, மற்றக் குழுவில் 42.5 விழுக்காடு. இந்த வேறுபாட்டை நான் அற்பமென்று ஒதுக்க மாட்டேன். அதே வேளையில், பயிற்சி பெற்றவர்களிலும் ஏறத்தாழப் பாதிப்பேர் மீண்டும் குடித்தார்கள் என்பதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். குடியை விடும் எண்ணமே இல்லாதவர்களிடம் நடத்திய ஆய்வுகளில் பலன் தெளிவாகத் தெரியவில்லை. சிகிச்சைக்கு மனமொப்பி வந்தவருக்கு, மற்றவற்றோடு சேர்த்துத் தரும்போதுதான் இது கைகொடுக்கிறது.

ஆகவே உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: போதாது. மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் மருத்துவர் முடிவாகவே இருக்க வேண்டும். வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவற்றைத் தருவதுண்டு. அவற்றின் வேலையைப் படம் தள்ளுவது செய்துவிடாது. செல்பேசியில் விரலால் தள்ளும் செயலிகள் இருக்கின்றன. சிலவற்றில் அவரவர் வழக்கமாகக் குடித்த மதுவின் படத்தையும், விருப்பமான வேறு செயல்களின் படங்களையும் சேர்த்துக்கொள்ளலாம். மையத்தில் கேட்டு, அவர்கள் பரிந்துரைப்பதை மாத்திரையோடு கூடுதலாகப் பயன்படுத்தட்டும். ஒருவேளை அவர் மறுபடியும் நாள்தோறும் குடிக்கத் தொடங்கிவிட்டால், வீட்டிலேயே திடீரென நிறுத்தவைக்க முயலாதீர்கள். வலிப்பும் மனக்குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அவர் வருவதற்கு முன் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. காலி பாட்டில், அவர் குடிக்கப் பயன்படுத்திய குவளை, எஞ்சிய மூடி என எது கிடந்தாலும் தேடி எடுத்து வெளியே போட்டுவிடுங்கள்.