சொட்டு மருந்தும் தையல் மிஷினும் – ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

எனக்கு 31 வயது. சொந்த ஊர் ஈரோடு பக்கம். ஆறு வருடமாக ஜெர்மனியில் இன்ஜினியர் வேலை. ஏழு வயதிலிருந்து எனக்கு டூரெட் பிரச்சினை இருக்கிறது. கண் சிமிட்டுவேன், தோளை வெட்டுவேன், தொண்டையில் ஒரு சத்தம் வரும். அதற்கு ஒரு பெயர் இருப்பதே இங்கே வந்துதான் தெரிந்தது. இரண்டு மாத்திரைகள் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்றில் 14 கிலோ எடை ஏறியது, இன்னொன்றில் பகலெல்லாம் தூக்கம். எட்டு மாதமாக டாக்டர் எழுதிக்கொடுத்த ட்ரோனாபினால் சொட்டு எடுக்கிறேன். கஞ்சாவில் இருக்கும் டிஹெச்சிதான் அது. டிக்ஸ், அதாவது தானாக வரும் இந்த அசைவும் சத்தமும், முழுதாகப் போகவில்லை, ஆனால் நாலு பேர் நடுவில் உட்காரும் பயம் குறைந்திருக்கிறது. முக்கியமான மீட்டிங் என்றால் முதல் நாள் ராத்திரி கொஞ்சம் புகைக்கவும் செய்கிறேன். இயற்கையான மூலிகைதானே, பக்கவிளைவு கிடையாது. நம் சித்தர்கள் பயன்படுத்தியதுதான். அப்படியும் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிடுவேன்.

டிசம்பரில் அம்மா இங்கே வந்து தங்கப்போகிறார். கஞ்சா என்றால் அவருக்குத் தெரிந்தது போலீஸ் செய்தி மட்டும்தான். பாட்டிலை மறைத்துவிடட்டுமா, சொல்லிவிடட்டுமா? மனதை அடக்கப் பழகினால் மருந்தே வேண்டாம் என்கிறார் ஒரு நண்பர். அது உண்மையா?

க.

அன்புள்ள தம்பி,

போன வாரம் என் அக்கா மகன் பழைய கல்யாண ஆல்பத்தை ஸ்கேன் செய்துகொண்டிருந்தான். 1981இல் நடந்த என் அக்காவின் கல்யாணம். அதில் தாய்மாமன் சீர் செய்யும் படம் ஒன்று இருக்கிறது. "உங்க மாமா என்ன கம்பீரமா உக்காந்திருக்கார் சித்தி!" என்றான். நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். இரண்டு நாள் கழித்து உங்கள் கடிதம் வந்தது. "மனதை அடக்கப் பழகினால்" என்ற வரிக்கு வந்ததும் அப்படியே மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன்.

முதலில் சின்ன விஷயங்கள். சித்தர்களை விட்டுவிடுங்கள். அவர்கள் எதை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதை வைத்து உங்கள் தோளுக்கு மருந்து முடிவு செய்ய முடியாது. அப்புறம், ஊருக்கு வரும்போது ஜெர்மன் மருந்துச் சீட்டை நம்பி எதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். இங்கே 1985ஆம் வருடத்துப் போதைப்பொருள் சட்டம் இன்னும் நடைமுறையில்தான் இருக்கிறது. பயணத்துக்கு முன்னால் டாக்டரிடம் பேசி மாற்று ஏற்பாடு கேளுங்கள்.

இனி திட்டப்போகிறேன். மருந்தாகச் சொட்டு எடுத்துக்கொண்டு, அதன் மேல் புகையும் இழுக்கிறீர்களே, அதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். சொல்லியிருந்தால் "மூலிகைதானே" என்று எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அரளி விதையும் இயற்கைதான் தம்பி. நீங்கள் இருக்கும் நாட்டில்தான் இதை முதன்முதலில் ஒழுங்காக அளந்து பார்த்தார்கள். ஹனோவர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டன் முல்லர்-வால் என்ற மருத்துவர் 2002இல் 12 பேருக்கு ஒரே ஒரு வேளை டிஹெச்சி கொடுத்துப் பார்த்தார். அடுத்த வருடம் 24 பேருக்கு ஆறு வாரம். டிக்ஸ் குறைந்தது. ஆனால் ஆள் குறைவு. அதனால் அவரும் சக மருத்துவர்களும் 97 பேரை வைத்து, வாயில் அடிக்கும் கஞ்சா ஸ்ப்ரேயைச் சோதித்து 2023இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு நல்ல பலன், மருந்தில்லாத வெறும் ஸ்ப்ரே அடித்தவர்களில் நூற்றுக்கு 9 பேருக்கு. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் மருந்து ஜெயித்தது என்று அறிவிக்க அது போதவில்லை என்று அவர்களே எழுதினார்கள். இருபது வருடம் ஒரு விஷயத்தின் பின்னால் போன மனுஷி, போதவில்லை என்று கையெழுத்துப் போடுகிறார். அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது. அதே 2023இல் ஆஸ்திரேலியாவில் 22 பேருக்கு டிஹெச்சியும், கஞ்சாவிலேயே இருக்கும் இன்னொரு பொருளான சிபிடியும் சம அளவில் கலந்த எண்ணெயை ஆறு வாரம் கொடுத்தார்கள். அங்கே டிக்ஸ் தெளிவாகவே குறைந்தது. கூடவே யோசனை மந்தமாவது, ஞாபகம் தப்புவது, கவனம் சிதறுவது எல்லாம் வந்தது. பக்கவிளைவு கிடையாது என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்?

உங்கள் பதற்றத்துக்கும் இதே கதைதான். கொஞ்சம் டிஹெச்சி பதற்றத்தைத் தணிக்கும். அளவு கூடினால் அதுவே படபடப்பையும் பயத்தையும் கிளப்பும். சொட்டை எண்ணலாம். புகையை எப்படி எண்ணுவீர்கள்? மீட்டிங்கிற்கு முதல் நாள் இரவு இழுத்துவிட்டு, மறுநாள் காலை வரும் படபடப்பை டூரெட் தலையில் கட்டுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதைப் பெற்றோர்களும் படிப்பார்கள். அமெரிக்க நரம்பியல் அகாடமியின் 2019ஆம் வருட வழிகாட்டுதல், வேறு சிகிச்சைகள் பலிக்காத பெரியவர்களுக்கு, சட்டம் அனுமதிக்கும் இடத்தில் மட்டும் இதை யோசிக்கலாம் என்கிறது. குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மனச்சிதைவு உள்ளவர்களுக்கும் கூடாது. எட்டு வயதுப் பிள்ளை கண் சிமிட்டுகிறது என்று யாரும் எண்ணெய் தேடிக் கிளம்ப வேண்டாம். பத்துப் பன்னிரண்டு வயதில் உச்சத்துக்குப் போகும் டிக்ஸ், நிறையப் பிள்ளைகளுக்கு வாலிபம் முடிவதற்குள் தானாகவே தணிந்துவிடும்.

சரி, மாமாவுக்கு வருகிறேன்.

என் அம்மாவின் தம்பி. தையல்காரர். கழுத்தை வலப்பக்கம் வெட்டுவார், மூக்கை உறிஞ்சுவார், பேச்சுக்கு நடுவே "ம்க்" என்று ஒரு சத்தம் வரும். தெருப்பையன்கள் வைத்த பெயர் ம்க்கு டெய்லர். பாரிஸில் ஜில் த லா டூரெட் என்ற மருத்துவர் ஒன்பது நோயாளிகளைப் பற்றி 1885இலேயே எழுதிவைத்துவிட்டார். அந்தச் சேதி எங்கள் ஊருக்கு வர நூறு வருடத்துக்கு மேல் ஆனது. அதுவரை மாமாவுக்கு இருந்தது காத்து, கருப்பு, கெட்ட பழக்கம், திமிர், இப்படி ஆளுக்கொரு பெயர்.

ஒருநாள் நான் கேட்டேன், ஏன் மாமா வெட்டுறீங்க என்று. "காலருக்குள்ள துணிப்பிசிறு மாட்டிக்கிட்டுக் குத்துமில்ல பாப்பா, அந்த மாதிரி. கழுத்த வெட்டினாத்தான் போகும். போயிட்டுத் திரும்ப வரும்" என்றார். வெட்டுவதற்கு முன்னால் உடம்பில் ஓர் உறுத்தல் எழும், வெட்டினால் அடங்கும் என்று டாக்டர்கள் இப்போது விளக்குவதை, மூன்றாம் வகுப்போடு நின்ற மாமா அன்றைக்கே சொல்லிவிட்டார்.

ஆனால் துணி வெட்ட உட்கார்ந்தால் எல்லாம் நின்றுவிடும். பாயை விரித்து, ரவிக்கைத் துணியை நாலாக மடித்து, பல் இடுக்கில் இரண்டு குண்டூசி. நீலச் சாக்கால் அக்குள் வளைவை ஒரே இழுப்பில் போடுவார். கத்தரிக்கோல் அந்தக் கோட்டின் மேல் போய் முடியும்வரை கழுத்து அசையாது. வாசலில் யாராவது செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்கும். அவ்வளவுதான், வெட்டு வந்துவிடும்.

1978 வாக்கில் பக்கத்து டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். கொடுத்தது ஹாலோபெரிடால் என்று பிற்பாடு சீட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். டூரெட்டுக்கு உலகம் முழுக்கக் கொடுத்த மருந்துதான், எத்தனையோ பேருக்கு உதவியிருக்கிறது. மாமாவுக்குக் கழுத்து நின்றது. கையும் நின்றது. விரல்கள் விறைத்தன, எச்சில் சட்டையில் வடிந்தது, ஊசியில் நூல் கோக்க என்னைக் கூப்பிடுவார். அந்த டாக்டர் அவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்கவே இல்லை. எங்கள் வீட்டிலோ ஒரே சந்தோஷம், தலை ஆடவில்லையே! நாலு மாதம் பார்த்துவிட்டு மாமா மாத்திரையை அவராகவே நிறுத்தினார். அப்படித் திடீரென்று நிறுத்துவது ஆபத்து, நீங்கள் செய்யாதீர்கள். ஆனால் மருந்துக்கடைச் சீட்டோடு வந்ததால் அந்த மாத்திரை மேல் யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. பெயரைப் பார்த்தே நல்லது என்று முடிவு. உங்கள் அம்மா கஞ்சா என்ற பெயரைக் கேட்டு அழப்போவதும், நீங்கள் மூலிகை என்ற பெயரைக் கேட்டு மயங்கியதும் இதே வகைதான். இந்த உடம்புக்கு எதைக் கொடுத்தது, எதை எடுத்துக்கொண்டது என்று யாராவது உட்கார்ந்து அளவெடுக்க வேண்டாமா? ஒரு ரவிக்கைக்கு ஏழு அளவு எடுப்பார் மாமா.

இனி அந்தக் கல்யாணம். எனக்குப் பதினைந்து வயது. போட்டோகிராபர் வந்துவிட்டார். பாட்டி என்னை அனுப்பினாள், "மாமாகிட்டப் போய்ச் சொல்லு, மணையில உக்காரும்போது கொஞ்சம் அடக்கிக்கச் சொல்லு, போட்டோல விழுந்துடும்." ஓடிப்போய்ச் சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் போனது. மாமா சரி என்று தலையாட்டினார். ஒன்றரை மணி நேரம். பட்டு வேட்டி, நெற்றியில் வியர்வை, இரண்டு கையும் தொடையைப் பிடித்திருக்க, கம்பி மாதிரி உட்கார்ந்திருந்தார். ஒரு தடவைகூட அசையவில்லை. எல்லோரும் பூரித்துப்போனார்கள். "பாத்தியா, நினைச்சா முடியுது!"

பந்திக்கு இலைக்கட்டு எடுக்க உக்கிராண அறைக்குப் போனேன். உள்ளே பூசணிக்காய்களுக்கும் அரிசி மூட்டைகளுக்கும் நடுவில் மாமா நின்றுகொண்டிருந்தார். கழுத்து ஓயாமல் வெட்டி வெட்டி இழுத்தது. வாயில் துண்டைத் திணித்திருந்தார், சத்தம் வெளியே போகாமலிருக்க. கண்ணில் தண்ணீர். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டு, "கதவச் சாத்திட்டுப் போ பாப்பா. அரை மணி நேரத்துல வந்துடுறேன்" என்றார்.

அக்கா மகன் பார்த்த கம்பீரம் இதுதான்.

உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், அடக்கலாம். டூரெட் உள்ள பலரால் கொஞ்ச நேரம் அடக்க முடியும். அதற்கான விலையை அடக்கச் சொன்னவர் கொடுப்பதில்லை. அடக்கச் சொல்லும் ஆள் நல்லவர்தான், என் பாட்டியும் மாமா மேல் உயிரையே வைத்திருந்தாள். அதனால் என்ன? பயிற்சி என்று முறையாக ஒன்று இருக்கிறது, இதோடு அதைக் குழப்ப வேண்டாம். 1973இல் அஸ்ரின், நன் என்ற உளவியலாளர்கள் தொடங்கி வைத்தது. உறுத்தல் எழும்போதே அதைக் கவனித்து, வெட்டுக்கு எதிரான ஓர் அசைவைச் செய்யப் பழகுவது. தோளை உயர்த்தத் தோன்றினால் முழங்கையை விலாவோடு அழுத்திக்கொண்டு உறுத்தல் தணியும்வரை இருப்பது, அந்த மாதிரி. அதை விரிவாக்கி 126 பிள்ளைகளிடம் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற பிள்ளைகளில் பாதிக்கு மேல் நல்ல முன்னேற்றம். பெரியவர்களுக்கும் உதவுகிறது. அதைச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் கூடவே உட்கார்கிறார், தம்பி. "கொஞ்சம் அடக்கிக்கோ" என்று சொல்லிவிட்டு யாரும் பந்திக்குப் போவதில்லை. உங்கள் டாக்டரிடம் அதைக் கேட்டீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கேமராவை அணைப்பதைக் குற்றம் போல எழுதியிருக்கிறீர்கள். மாமாவின் உஷா மிஷின் தெருவைப் பார்த்து இருந்தது. வெளிச்சத்துக்காகத் தாத்தா போட்டது. மாமா ஒருநாள் அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். வெட்டு பாதியாகக் குறைந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். தாத்தா வந்து, "தெருவுக்கு முதுகக் காட்டிக்கிட்டு உக்காந்தா லட்சுமி எப்படிடா வருவா?" என்று இழுத்துத் திருப்பினார். இப்படி வருடக்கணக்கில் நடந்தது. தாத்தா செத்த பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பியதும், மாமா யாரிடமும் எதுவும் பேசாமல் மிஷினைத் தூக்கிச் சுவர்ப்பக்கம் வைத்தார். அதன் பிறகு முப்பது வருடம் அப்படியே தைத்தார். வாடிக்கையாளர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பேசிவிட்டுப் போனார்கள். தையல் கூலியை யாரும் குறைத்துக் கொடுக்கவில்லை.

கேமராவை அணைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கே போடத் தோன்றும் நாளில் போடுங்கள்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பாட்டிலை மறைக்க வேண்டாம். சாப்பாட்டு மேசையில், உப்புக்கும் ஊறுகாய்க்கும் பக்கத்தில் வையுங்கள். டாக்டர் பெயர் ஒட்டிய அட்டைப்பெட்டியோடு வையுங்கள். நீங்கள் ஸ்பூனில் சொட்டு எண்ணுவதை அவர் பார்க்கட்டும். இரண்டு நாளில் அவரே எண்ண ஆரம்பித்துவிடுவார். ஆனால் அம்மா வந்து இறங்குவதற்குள் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது. வீட்டில் மிச்சமிருக்கும் அந்தப் புகைச் சரக்கு குப்பைக்குப் போக வேண்டும். டாக்டரைப் பார்த்து எத்தனை நாள், எவ்வளவு இழுத்தீர்கள் என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா