முதல் நாள் சும்மா வந்து உட்கார்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. கணவர் இறந்த பிறகுதான் எனக்கும் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. மகளுக்கு இல்லை. எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தில் மாத்திரை வாங்கி, அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறேன். பாசிட்டிவ் பெண்கள் கூடும் குழுவுக்குப் போகச் சொல்கிறார் அங்கு ஆலோசனை சொல்லும் கவுன்சிலர். எங்களுடையது சின்ன ஊர், யாராவது பார்த்துவிட்டால்? மருந்துதான் டாக்டர் தருகிறாரே, உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது?
- பெயர் வேண்டாம், திண்டுக்கல் மாவட்டம்

பதில்: தங்கச்சி, நானும் தினம் அதே மாத்திரையைச் சாப்பிடுகிறவள். 2004 ஏப்ரலில் அரசு இந்த மருந்தை இலவசமாகத் தர ஆரம்பித்தபோது தாம்பரம் மருத்துவமனை வரிசையில் நின்றிருக்கிறேன். முந்தானையை முகம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்ற காலம் அது. உன் பயம் எனக்குத் தெரியும்.

பக்கத்து ஊர்க்காரி யாராவது அந்த அறையில் இருந்தால் அவளும் பாசிட்டிவ்தானே? உன்னைப் பற்றி வெளியே சொன்னால், 'உனக்கெப்படித் தெரியும்?' என்ற கேள்வி அவளைத்தான் முதலில் பிடிக்கும். அப்படியும் மனம் ஒப்பவில்லையா, மதுரைப் பக்கம் நடக்கும் கூட்டத்துக்குப் போ. வேறு மாவட்டத்துக்குப் போய் உட்காருகிறவர்கள் நிறையப் பேர். ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியே சொல்லக் கூடாது என்று 2017இல் சட்டமே வந்திருக்கிறது. ஊர்வாயைச் சட்டம் மூடிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வேலை செய்யும் இடத்திலோ ஆஸ்பத்திரியிலோ அவமதித்தால் கேட்பதற்கு அது இருக்கிறது.

'பேசி என்ன ஆகும்' என்றாயே. எங்கள் குழுவில் ஓர் அம்மா மாத்திரையை நேரம் தவறாமல் போடுவார். ஒருநாள் மூட்டுவலியைப் பற்றிப் பேசும்போது, கால்சியம் மாத்திரையையும் இதையும் காலையில் வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்குவதாகச் சொன்னார். இப்போது நமக்குத் தரும் மாத்திரையில் இருக்கும் டோலுடெக்ராவிர் என்ற மருந்தை, கால்சியமும் இரும்புச் சத்து மாத்திரையும் உடம்பில் சேரவிடாமல் தடுக்கும். சாப்பாட்டோடு என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் போடலாம். வெறும் வயிற்றில் என்றால் இதைப் போட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அவற்றைப் போட வேண்டும். டாக்டர் இரண்டு நிமிடத்தில் கேட்காததைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள். அந்த அரிசி டின் விஷயத்தையும் அங்கே சொல். டப்பாவின் லேபிளைக் கிழித்து, மூடியை இறுக்கி, ஈரம் படாமல் எங்கே வைப்பது என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள்.

இன்னொன்றையும் கேள். நம்மைப் போன்ற பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஆறு மடங்கு அதிகம். 25 வயதிலிருந்தே மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். தனியாகப் போகக் கூச்சப்பட்டுப் பல வருடம் தள்ளிப்போட்டவர்கள் எங்கள் குழுவில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே நாளில் போய் முடித்துக்கொண்டு வந்தார்கள். வரும் வழியில் டீக்கடையில் அவர்கள் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

மாமியார் வீட்டில் பங்கு தரமாட்டேன் என்கிறார்களா? நீ எழுதவில்லை, ஆனால் நம்மில் பாதிப் பேருக்கு இருக்கும் வழக்கு இது. இந்து வாரிசுச் சட்டப்படி கணவரின் சொத்தில் உனக்கும் மகளுக்கும் பங்கு உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வக்கீல் இலவசம். எந்தப் படியேறி யாரைப் பார்ப்பது என்று முன்னே ஏறியவள் கூட்டிப்போவாள். ஆண்களும் பெண்களும் சேர்ந்திருக்கும் கூட்டத்தில் இதையெல்லாம் வாய்விட்டுப் பேச முடியாது. அதனால்தான் நாமக்கல்லிலிருந்து வந்த கௌசல்யாவும் இன்னும் சில பெண்களும் 1998இல் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு கூட்டமைப்பைத் தொடங்கினார்கள்.

ஒரு எச்சரிக்கை. போனவுடன் உன் கதையைச் சொல் என்று வற்புறுத்தினாலோ, கேட்காமல் போட்டோ எடுத்தாலோ எழுந்து வந்துவிடு. அது நல்ல குழு இல்லை. முதல் நாள் பெயர்கூடச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டு வரலாம். எங்களோடு இருக்கும் ஒருத்தி பல மாதம் வாயே திறக்கவில்லை. ஒருநாள் மகளுக்கு வந்த வரனைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள், நிறுத்தவே இல்லை.

கேள்வி: என் அண்ணி பாசிட்டிவ். வீட்டில் அவருக்குத் தனித் தட்டு, தனித் தம்ளர். குழுவுக்குப் போனால் 'ஊர் சுற்றுகிறாள்' என்கிறார் அம்மா. நான் என்ன செய்யட்டும்?
- கல்லூரி மாணவி, விழுப்புரம்

பதில்: இன்று ராத்திரியே அண்ணியின் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்துச் சாப்பிடு கண்ணு, அம்மா பார்க்கும்படி. எச்சிலில் இது பரவாது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்துவிட்டால், தாம்பத்தியத்தில்கூடப் பரவாது. அம்மாவுக்குச் சந்தேகமென்றால் அரசின் எச்.ஐ.வி. உதவி எண் 1097க்குப் போன் போட்டுக் கொடு, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். கூட்டம் நடக்கும் நாளில் அண்ணியின் குழந்தைகளை நீ பார்த்துக்கொள். முடிந்தால் பஸ் ஸ்டாண்டுவரை கூடப் போ.